ஸ்பிளிட்போர்டு வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிஃப்ட் எட்டாத மலையில் சொந்தக் காலில் ஏறி, யாரும் தொடாத புதுப்பனியில் சறுக்கி இறங்க ஆசைப்படுகிறவர்களுக்கான பக்கம் இது. ஸ்னோபோர்டு ஓரளவு ஓட்டத் தெரியும், அடுத்து ஸ்பிளிட்போர்டு வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

ஸ்பிளிட்போர்டு என்றால் என்ன?

நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் ஸ்னோபோர்டு. ஏறும்போது இரண்டு பாதிகளும் இரண்டு அகலமான ஸ்கீகளாகிவிடும். அடியில் ‘ஸ்கின்’ என்ற ரோமப் பட்டையை ஒட்டிக்கொள்வோம். அது முன்னோக்கி வழுக்கும், பின்னோக்கி வழுக்காது. குதிகால் தூக்கி நடக்கலாம். மேலே போனதும் ஸ்கின்னை உரித்து, பாதிகளைச் சேர்த்துப் பூட்டி, பூட்ஸைப் பலகையோடு பிடிக்கும் பைண்டிங்கைக் கழற்றிக் குறுக்காக மாட்டினால் முழுப் பலகை.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரெட் கோபர்னிக் என்பவர் இப்படி ஒரு பலகையைச் செய்து பார்த்தார். சால்ட் லேக் சிட்டியின் வொலே நிறுவனம் அவரோடு சேர்ந்து அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. இன்றும் பல பைண்டிங்குகள் வொலேயின் ‘பக்’ அமைப்பில்தான், அதாவது பலகையில் திருகிய சிறு தாங்கிகளில்தான், உட்காருகின்றன.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்? பவுடரில், அதாவது புதுப்பனியில், மிதக்கிறதா என்றுதானே?

விளம்பரம் அதைத்தான் காட்டும். என் கருத்து நேர் எதிர். ஆழமான புதுப்பனியில் கிட்டத்தட்ட எல்லாப் பலகையும் நல்ல பலகைதான். பனி மென்மையாக இருக்கும்போது எட்ஜ் (ஓரத்து இரும்பு விளிம்பு) பிடிக்கவில்லை, பலகை நெளிகிறது, நடு இணைப்பு ஆடுகிறது என்ற குறை எதுவும் காலுக்குத் தெரியாது. பவுடர் எல்லாவற்றையும் மூடிவிடும்.

ஒரு நாளின் கணக்கைப் பாருங்கள். 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும் என்று வையுங்கள். மணிக்கு 300 முதல் 400 மீட்டர் ஏறினால் மூன்று மணி நேரம் போல ஆகும். இறங்க அரை மணி நேரம் போதும். அதாவது அந்தப் பலகையோடு நீங்கள் கழிக்கும் நேரத்தில் பெரும்பகுதி ஏற்றத்தில்தான். காலையில் மரங்களுக்குக் கீழே இறுகிக் கிடக்கும் பழைய பனி, காற்று அடித்துத் தட்டையாக்கிய முகடு, சரிவைக் குறுக்காக வெட்டிப் போகும் உறைந்த தடம் — பலகை எப்படிப்பட்டது என்பது அங்கேதான் தெரியும். அந்த இடங்களைத் தாண்ட முடியாதவர் பவுடர் வரை போய்ச் சேரப் போவதில்லை.

ஆகவே நான் பார்க்கும் வரிசை: குறுக்குச் சரிவில் பிடிமானம், திருப்பங்களில் காலுக்கு அடங்குவது, பிரித்துச் சேர்க்கும் சுலபம், கெட்ட பனியில் இறக்கம். பவுடர் கடைசியில்.

கடையில் கையில் கிடைத்ததும் என்ன பார்ப்பது?

இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பூட்டச் சொல்லுங்கள். பிறகு பலகையை நிமிர்த்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நடு இணைப்பைப் பாருங்கள். மயிரிழை போல ஒரே சீரான கோடு தெரிந்தால் பரவாயில்லை. மூக்குப் பக்கம் மூடியும் நடுவில் பிளந்தும் வெளிச்சம் ஒழுகினால், ஒன்று பாதிகள் வளைந்திருக்கின்றன, இல்லையென்றால் கொக்கிகள் சரியாக முறுக்கப்படவில்லை. கொக்கியைச் சரிசெய்து விடலாம், வளைவை முடியாது. எது என்று கண்டுபிடிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து, பலகையைத் தரையில் வைத்து, கால்கள் நிற்கும் இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு பாதியின் மேல் மட்டும் முழங்காலை ஊன்றி அழுத்துங்கள். மற்ற பாதி கூடவே இறங்க வேண்டும். ஒன்று இறங்கி மற்றது நின்றால், கடினப் பனியில் காலால் நீங்கள் சொல்வது எட்ஜுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். மூக்கையும் வாலையும் பிடித்துத் துணி பிழிவது போல முறுக்கியும் பாருங்கள். இணைப்பில் ஒரு பாதி மேலேறி நிற்கக் கூடாது. கொஞ்சம் அசைவு எல்லா ஸ்பிளிட்போர்டிலும் உண்டு. நடுவில் அறுத்த பலகை அறுக்காத பலகையாகாது.

மூன்றாவது, உள்பக்க விளிம்பை விரலால் தடவுங்கள். அங்கேயும் இரும்பு எட்ஜ் ஓட வேண்டும். தொழிற்சாலையில் செய்த பலகைகளில் பெரும்பாலும் இருக்கும்.

கையுறை மாட்டிக்கொண்டு ஒருமுறை பிரித்துச் சேர்த்தும் பாருங்கள். கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும். மைனஸ் 15 டிகிரியில் வெறும் கையால் அந்தக் கொக்கியைத் தொட மாட்டீர்கள்.

கேம்பரா, ராக்கரா?

கால் நிற்கும் பகுதியில் கேம்பர், மூக்கில் ராக்கர். இதற்கு மேல் யோசிக்க அதிகம் இல்லை.

கேம்பர் என்றால் தரையில் வைக்கும்போது நடுப்பகுதி வில்போலச் சற்றே மேலே நிற்பது. நீங்கள் ஏறி நின்றதும் அது அழுந்தி, ஸ்கின் முழு நீளத்துக்கும் பனியில் பதியும். ராக்கர் தலைகீழ், நடு தொடும், இரு முனைகளும் உயரும். முழு ராக்கர் பலகை பவுடரில் சொகுசு. ஏற்றத்தில் ஸ்கின்னின் பாதிதான் பனியைத் தொடும், செங்குத்தான தடத்தில் சறுக்கிச் சறுக்கிப் பின்னால் வருவீர்கள். மூக்கில் மட்டும் ராக்கர் இருந்தால் புதுப்பனியில் தடம் போடும்போது முனை தானாக மேலே வரும், இறங்கும்போதும் மூழ்காது. இரண்டு வேலைக்கும் அதுவே போதும்.

நீளமும் அகலமும் எப்படித் தீர்மானிப்பது?

நீளத்தில் முதுகுப் பையைக் கணக்கில் சேருங்கள். மண்வாரி, தண்ணீர், கூடுதல் ஜாக்கெட், சாப்பாடு என்று 7 முதல் 10 கிலோ ஏறிவிடும். நிறுவனத்தின் எடை அட்டவணையில் உங்கள் எடையோடு அதையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். பழைய வடிவப் பலகையில் வழக்கமான நீளத்தைவிட 2, 3 செ.மீ. கூடுதலாக எடுப்பது உண்டு. இப்போது வரும் குட்டையான, அகலமான பவுடர் வடிவங்களில் அது பொருந்தாது. அவற்றை வழக்கத்தைவிடச் சில செ.மீ. குறைத்தே எடுக்கச் சொல்கிறார்கள்.

அகலத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அகலமான பலகை பவுடரில் மிதக்கும், பெரிய பூட்ஸின் நுனியும் குதிகாலும் பனியில் இடிக்காது — இரண்டும் உண்மை. நடு அகலம் 26 செ.மீ. உள்ள பலகையைப் பிரித்தால் ஒவ்வொரு பாதியும் 13 செ.மீ. ஸ்கீ டூரிங் போகிறவர்களின் பலகை பெரும்பாலும் 10 செ.மீ.க்குக் கீழ்தான். உறைந்த குறுக்குச் சரிவில் நிற்கும்போது எட்ஜுக்கும் கால் நடுவுக்கும் இடையே தூரம் கூடக் கூட, அது நெம்புகோலாகிக் கணுக்காலைத் திருகும். ஸ்கீ நண்பர்கள் பேசிக்கொண்டே நடந்து போன தடத்தில் ஸ்னோபோர்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது இதனால்தான்.

என் யோசனை: உங்கள் பூட்ஸ் இடிக்காத அளவுக்கு எது குறைந்த அகலமோ அதை எடுங்கள். மிதப்பு வேண்டுமென்றால் மூக்கு நீளத்திலும் டேப்பரிலும் தேடுங்கள். டேப்பர் என்பது மூக்கைவிட வால் குறுகியிருப்பது. 10 முதல் 20 மி.மீ. இருந்தாலே வால் தானாக அமிழ்ந்து மூக்கைத் தூக்கிக் கொடுக்கும், பின்காலின் தொடை எரியாது.

எடை குறைந்தது நல்லதுதானே?

நல்லதுதான், ஓர் எல்லை வரை. 158 செ.மீ. அளவில் பைண்டிங் இல்லாத பலகை பொதுவாக 3 முதல் 3.5 கிலோ இருக்கும். கார்பன் கலந்த இலகு வகைகள் இரண்டரை கிலோ பக்கம் வரும். பைண்டிங் ஜோடி ஒன்றரை கிலோ, ஸ்கின் அரை கிலோவுக்கு மேல்.

ஒரு பாதியில் கால் கிலோ குறைந்தாலும் ஆயிரக்கணக்கான எட்டுகளில் அது தெரியும். ஆனால் மிக இலகுவான பலகைகள் காற்றில் இறுகிய பனியிலும் மேலே பொருக்குத் தட்டிய பனியிலும் படபடவென்று உதறும். நல்ல நாளில் லாபம், கெட்ட நாளில் நஷ்டம். நாள் முழுக்க 1,500 மீட்டருக்கு மேல் ஏறுகிறவருக்கு இலகுப் பலகை அர்த்தமுள்ளது. வாரக் கடைசியில் போகிறவர் அந்தப் பணத்தைப் பலகையில் போடாமல் பைண்டிங்கிலும் ஸ்கின்னிலும் போட்டால் கால் நன்றி சொல்லும். காலுக்கு நெருக்கமான எடைதான் அதிகம் களைக்க வைக்கும்.

ஸ்கின்னில் எதைக் கவனிப்பது?

நைலான் முரட்டுத்தனமாகப் பிடிக்கும், ஆனால் வழுக்கம் குறைவு. மோஹேர், அதாவது அங்கோரா ஆட்டு ரோமம், நன்றாக வழுக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். இரண்டும் கலந்தது நடுத்தரம். புதிதாகத் தொடங்குகிறவர் கலப்பையோ நைலானையோ எடுப்பது நல்லது. ஏறும் நுட்பம் கைவராத காலத்தில் பின்னால் வழுக்காமல் இருப்பதே பெரிய உதவி.

வெட்டும் விதம்தான் அதைவிட முக்கியம். ஸ்கின் பலகையின் அடிப்பாகம் முழுவதையும் மூட வேண்டும்; இரண்டு ஓரங்களிலும் இரும்பு எட்ஜ் மட்டும், 2 மி.மீ. போல, வெளியே தெரிய வேண்டும். எட்ஜையும் சேர்த்து மூடிவிட்டால் உறைந்த சரிவில் கடிக்க ஒன்றும் இருக்காது. அதிகமாக வெட்டிவிட்டால் பிடிமானம் போய்விடும், ஒட்டித் திரும்ப வைக்கவும் முடியாது.

பசையைச் சோதிக்க, ஸ்கின்னின் இரண்டு பசைப் பக்கங்களைச் சேர்த்து ஒட்டி உரித்துப் பாருங்கள். கொஞ்சம் முரண்டு பிடித்து வர வேண்டும். உரித்த பிறகு பலகையின் அடியில் பிசுபிசுப்பு தங்கினால் அது கெட்டுப்போன பசை. இரண்டாவது ஏற்றத்துக்கு முன் ஸ்கின்னை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்து போன, பனித்தூள் ஒட்டிய பசை எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் ஒட்டாது.

வழக்கமான பைண்டிங்கையே மாட்டிக்கொள்ளலாமா?

அதற்கென்று அடாப்டர் தகடுகள் உண்டு. எடையும் உயரமும் கூடும், ஆட்டமும் கூடும். ஒரு பருவத்துக்குச் சமாளிக்கலாம், நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்பார்க், காரகோரம் போன்றவர்கள் செய்யும் ஸ்பிளிட்போர்டுக்கான பைண்டிங் எடுப்பதே சரி. பக் மேல் வழுக்கி உட்காரும் வகையில், பனி உறைந்தால் உள்ளே போகாமல் அடம் பிடிக்கும். ஒரு பிளாஸ்டிக் சுரண்டி சட்டைப்பையில் இருந்தால் தீர்ந்தது. கவ்விப் பிடிக்கும் வகை இரண்டு பாதிகளையும் இழுத்து இறுக்கும், இணைப்பு ஆட்டம் குறையும், ஆனால் அசையும் உறுப்புகள் அதிகம்.

குதிகால் ரைசர், அதாவது ஏறும்போது குதிகாலுக்கு அடியில் முட்டுக்கொடுக்கும் கம்பி, ஒரு கையால், ஏறும் கம்பின் நுனியால் தூக்கும்படி இருக்க வேண்டும். அதற்காக உயர்ந்த ரைசரிலேயே நாள் முழுக்க நடக்கும் பழக்கம் வேண்டாம். அது உங்களைத் தேவைக்கு மேல் செங்குத்தான தடம் போட வைக்கும்.

ஹார்ட்பூட் பற்றியும் கேட்கிறார்கள். ஸ்கீ டூரிங் பூட்ஸை இலகுவாக்கி ஸ்பிளிட்போர்டில் பயன்படுத்தும் முறை அது. குறுக்குச் சரிவில் கணுக்கால் திருகும் தொல்லை பாதியாகக் குறையும், ஐஸில் கிராம்பான் (பூட்ஸில் மாட்டும் இரும்பு முள்சட்டம்) உறுதியாக நிற்கும். செங்குத்தான ஆல்பைன் மலைகளுக்கு அருமை. மரக்காட்டுப் பவுடருக்கு சாஃப்ட்பூட்டின், அதாவது வழக்கமான ஸ்னோபோர்டு பூட்ஸின், நெளிவுதான் சுகம். முதல் தொகுப்புக்கு சாஃப்ட்பூட் போதும்.

வாடகைக்கு ஒரு நாள் கிடைத்தால் எப்படிச் சோதிப்பது?

பவுடர் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். பனி விழுந்து நான்கைந்து நாள் ஆன, சாதாரணமான நாள்தான் நல்ல பரீட்சை.

முதலில் மிதமான சரிவில் நேராக ஏறுங்கள். ஸ்கின் பிடிக்கிறதா, மூக்குப் பனிக்குள் குத்துகிறதா என்று பாருங்கள். பிறகு இறுகிய பனியில் குறுக்குச் சரிவைத் தேடிப் போங்கள். மேல்காலின் எட்ஜ் கடிக்கிறதா, கணுக்கால் எவ்வளவு நேரத்தில் வலிக்கத் தொடங்குகிறது? இடப்பக்கமாக ஒரு முறை, வலப்பக்கமாக ஒரு முறை.

அடுத்தது கிக் டர்ன். செங்குத்தான இடத்தில் நின்றபடியே ஒரு காலைத் தூக்கி எதிர்த்திசைக்குத் திருப்பி வைப்பது. மேல்காலை வைத்துவிட்டுக் கீழ்காலைத் தூக்கும்போது, குதிகாலை ஒரு தட்டு தட்டினால் வால் கீழே விழுந்து மூக்கு மேலே எழ வேண்டும். எழும் பலகையில் திருப்பம் ஒரு நொடி வேலை. மூக்கு கனத்து, முனை பனியில் சிக்கிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் தடுமாறுவீர்கள். பைண்டிங் சுழலும் அச்சு பலகையில் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது இது. எந்த விவரப் பட்டியலிலும் இருக்காது, பத்துத் திருப்பம் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

உச்சியில் பிரித்துச் சேர்க்கும் வேலையைக் காற்றடிக்கும் இடத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். பழகியவர் ஐந்து நிமிடத்தில் முடிப்பார். புதியவருக்குக் கால் மணி நேரம் ஆகும், அது பலகையின் குற்றமில்லை. ஆனால் கொக்கியோ பக்கோ பனி அடைத்து நின்றால், சுத்தம் செய்ய எவ்வளவு பாடு என்று கவனியுங்கள்.

இறக்கத்தில் முதல் திருப்பங்களைக் கடினமான பனியிலேயே போடுங்கள். குதிகால் பக்க எட்ஜில் நின்று பக்கவாட்டில் வழுக்கி, சட்டென்று பிடியுங்கள். நடு இணைப்பு தளர்வான பலகை அந்த இடத்தில் ஒரு கணம் தயங்கும். பிறகு பொருக்குப் பனி, பிறகு மற்றவர்கள் உழுது போட்ட பனி.

சரி, பவுடரில் எதைத்தான் பார்ப்பது?

வேகத்தில் அல்ல, மெதுவாகப் போகும்போது பாருங்கள். வேகம் இருந்தால் எதுவும் மிதக்கும். மரங்களுக்கிடையே வேகத்தைக் குறைத்துத் திரும்பும்போது மூக்கு மேலே நிற்கிறதா, பின்காலில் சாய்ந்து நிற்க வேண்டியிருக்கிறதா என்பதே கேள்வி. சரிவு தட்டையாகும் கடைசிப் பகுதியில் பலகை எவ்வளவு தூரம் ஓடுகிறது என்றும் கவனியுங்கள். நின்றுவிட்டால் ஸ்பிளிட்போர்டுக்காரருக்கு ஒரு வசதி: பிரித்து நடந்து வெளியேறலாம். முழுப் பலகைக்காரர் இடுப்பளவுப் பனியில் நீந்துவார்.

பழைய ஸ்னோபோர்டை நடுவே அறுத்துச் செய்துகொள்ளலாமா?

அந்தக் காலத்தில் பலர் அப்படித்தான் தொடங்கினார்கள். அதற்கான உபகரணப் பெட்டியே விற்றது. அறுத்த உள்விளிம்பில் இரும்பு இருக்காது, மரம் வெளியே தெரியும், தண்ணீர் இறங்காமல் பிசின் பூச வேண்டும். தச்சு வேலையில் ருசி உள்ளவருக்கு நல்ல பொழுதுபோக்கு. இன்று பழைய ஸ்பிளிட்போர்டு மலிவாகக் கிடைக்கும்போது தேவையில்லை.

இரண்டாம் கைப் பலகை வாங்கினால் மேலே சொன்ன ஜன்னல் சோதனையோடு உள்விளிம்புத் துரு, பக் திருகாணிகளைச் சுற்றி விரிசல், பாதிகள் மாறிப்போகாமல் ஒரே ஜோடிதானா — இவற்றைப் பாருங்கள். ஸ்கின்னைப் புதிதாக வாங்குவதாகவே கணக்கு வையுங்கள்.

ஸ்னோஷூ போதாதா? பலகையை முதுகில் கட்டிக்கொண்டு போகலாமே?

வருடத்துக்கு ஓரிரு முறை, ஒரு மணி நேர ஏற்றம் என்றால் போதும். பணமும் மிச்சம். அதற்கு மேல் என்றால் ஸ்னோஷூவில் ஒவ்வோர் எட்டுக்கும் காலைத் தூக்கிப் போட வேண்டும், ஸ்கின்னில் இழுத்தால் போதும். மூன்று கிலோ பலகை முதுகில் நின்று காற்றைப் பிடிக்கும், மரக்கிளையில் மாட்டும். ஸ்கீ நண்பர்களின் தடத்தில் ஸ்னோஷூ குழி போட்டுக்கொண்டே போனால் நட்பும் கெடும்.

குல்மார்க் போகிறேன். ஸ்பிளிட்போர்டு தேவையா?

முதல் பயணத்துக்குத் தேவையில்லை என்றே சொல்வேன். காஷ்மீரின் குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள கோண்டோலாவின் (கம்பியில் ஓடும் கேபிள் கார்) முதல் கட்டம் கொங்டூரிக்கும், இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலையின் தோளுக்கும், கிட்டத்தட்ட 3,950 மீட்டருக்கும், கொண்டுபோய் விடுகிறது. 2005 முதல் இந்த இரண்டாம் கட்டம் ஓடுகிறது. அங்கிருந்து சற்றே நடந்தால் பெரிய பெரிய சரிவுகள். பாபாரேஷி பக்கமோ துருங் பக்கமோ காடு வழியாக இறங்கி, டாக்ஸி பிடித்துத் திரும்பி வருகிறார்கள். ஏற்ற வேலையைக் கம்பி செய்துவிடுவதால் நல்ல பவுடர் பலகையே போதும்.

ஸ்பிளிட்போர்டு கைகொடுப்பது இரண்டு சமயங்களில். ஒன்று, கோண்டோலா வழி இறக்கங்கள் உழப்பட்ட பிறகு முகடு வழியே தள்ளிப் போக. மற்றொன்று, பெரும்பனிக்குப் பிறகு இரண்டாம் கட்டம் மூடிக் கிடக்கும்போது கீழ்க் காட்டில் நடந்து ஏற. ஆனால் அது ஏன் மூடியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது: மேலே பனிச்சரிவு அபாயம் இருக்கிறது, ரோந்துக் குழுவினர் வெடிவைத்துச் சோதித்து முடிக்கவில்லை. மேலே பெரிய சரிவு தொங்கும் ஓடைகளுக்குள் கீழிருந்து நுழைவதும் ஆபத்துதான். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வாட் மலையின் ஹபத்குட் பக்கம் நடந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரியிலும் ஒரு ரஷ்யர் இறந்தார். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் ரோந்துக் குழு பார்த்துக்கொள்ளும் பகுதியின் எல்லையைத் தாண்டாதீர்கள்.

சென்னையிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு இன்னொன்று. 4,000 மீட்டருக்கு அருகில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதம் சொச்சம்தான். இரண்டு நாள் கீழே தங்கிவிட்டு மேலே போங்கள். வெளிமாநில பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். சாட்டிலைட் போனும், ஐரோப்பாவில் எல்லாரும் பையில் தொங்கவிடும் சாட்டிலைட் செய்திக் கருவியும் இந்தியாவில் அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் நம் உறவினர்களுக்கும் சொல்லி வையுங்கள். விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் உண்டு.

ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்கு?

அங்கே தேவைப்படும். சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிவந்து கொட்டும் உலர்ந்த பனி. 1,898 மீட்டர் யோதெய் எரிமலையில் லிஃப்டே கிடையாது, அடியிலிருந்து நடந்துதான் ஏற வேண்டும். பிர்ச் மரக்காடு, மிதமான சரிவு, ஆழமான பனி. மேலே சொன்ன அகலப் பிரச்சினை அங்கே குறைவு. அகலமான, டேப்பர் கூடிய பலகை அங்கே நியாயமான தேர்வு. அதையே ஆல்ப்ஸின் வசந்தகாலக் காலைப் பனிக்குக் கொண்டுபோனால் கண்ணீர் வரும்.

பனிச்சரிவுக்கு என்னென்ன வாங்க வேண்டும்?

டிரான்சீவர் (புதைந்தவரைச் சமிக்ஞையால் தேடும் கருவி), புரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), மண்வாரி. ஒவ்வொருவருக்கும் ஒன்று, ஒவ்வொரு முறையும். டிரான்சீவர் எந்த நிறுவனத்துடையதானாலும் 457 கிலோஹெர்ட்ஸில்தான் பேசும், ஆகவே ஒன்றையொன்று கண்டுபிடிக்கும். மூன்று ஆன்டெனா உள்ள புதியது எடுங்கள். கைப்பேசியை அதிலிருந்து தள்ளி வையுங்கள்: அனுப்பும்போது 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. மண்வாரி உலோகத்தில் இருக்க வேண்டும். சரிந்து நின்ற பனி சிமென்ட் மாதிரி இறுகும், பிளாஸ்டிக் உடையும்.

புதைந்தவர் பிழைக்க 15 நிமிடம் என்று நீண்டகாலம் சொல்லி வந்தார்கள். சுவிட்சர்லாந்தின் நாற்பது ஆண்டுத் தரவுகளை வைத்து 2024இல் வந்த ஆய்வு அதை 10 நிமிடத்துக்கு அருகில் இறக்கிவிட்டது. ஹெலிகாப்டர் வந்து காப்பாற்றும் கணக்கே இல்லை. கூட இருப்பவர்தான் தோண்ட வேண்டும். அதனால் கருவியைவிடப் பயிற்சிக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள். இரண்டு மூன்று நாள் அடிப்படை வகுப்பு ஆல்ப்ஸ், கனடா, ஜப்பான் எங்கும் நடக்கிறது.

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சரிவில் கிளம்புகின்றன. சுவிட்சர்லாந்தில் என்றால் தாவோஸில் உள்ள எஸ்.எல்.எஃப். என்ற பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு அறிக்கை வெளியிடுகிறது, அபாயம் 1 முதல் 5 வரை. அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். எந்தத் திசைச் சரிவு, எந்த உயரத்துக்கு மேல் என்று கீழே எழுதியிருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

ஸ்னோபோர்டுக்காரருக்குத் தனியாக ஒரு சங்கடம் உண்டு. ஸ்கீ பைண்டிங் விழும்போது கழன்றுகொள்ளும், நம்முடையது கழலாது. பனிச்சரிவில் பலகை நங்கூரம்போலக் காலைப் பிடித்துக் கீழே இழுக்கும். ஆழ்பனிக் காட்டில் மரத்தடிக் குழிக்குள் தலைகீழாக விழுந்தாலும் அதே கதை. எந்தப் பலகை வாங்கினாலும் இது மாறாது. ஒருவர் இன்னொருவரின் கண்ணில் படும் தூரத்தில் இறங்குவது ஒன்றே வழி.

மொத்தச் செலவு?

புதுப் பலகை மட்டும் 800 முதல் 1,000 அமெரிக்க டாலர் வரை. பைண்டிங், ஸ்கின், மடக்குக் கம்பு, பனிச்சரிவுக் கருவிகள் எல்லாம் சேர்த்தால் 2,000 டாலருக்கு அருகில் வந்து நிற்கும். ரூபாயில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். பட்ஜெட் இறுகினால் பலகையில் குறையுங்கள், போன பருவ மாடல் வாங்குங்கள். டிரான்சீவரில் குறைக்காதீர்கள்.

பராமரிப்பு?

வீட்டுக்கு வந்ததும் பிரித்துத் துடைத்து, பாதிகளைத் தனித்தனியாகக் காய வையுங்கள். சேர்த்துப் பூட்டியே வைத்தால் உள்விளிம்பு ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். ஸ்கின்னை ஹீட்டர் மேல் போடாதீர்கள், பசை உருகும். கோடையில் வலைத்துணியோடு மடித்துக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். சென்னை வெயிலில் அலமாரி மேல்தட்டு குளிர்ந்த இடமல்ல.

ஸ்னோபோர்டே இப்போதுதான் பழகுகிறேன். நேராக ஸ்பிளிட்போர்டில் தொடங்கலாமா?

வேண்டாம். எந்தப் பனியிலும் விழாமல், நினைத்த இடத்தில் நிறுத்தி இறங்கத் தெரிந்த பிறகு வாருங்கள்; சிவப்புத் தடங்களில் (ஐரோப்பிய ரிசார்ட்டுகளின் நடுத்தரக் கடினத் தடங்கள்) அசராமல் இறங்குவது குறைந்தபட்சம். களைத்த காலோடு, முதுகில் பையோடு, தேர்ந்தெடுக்க முடியாத பனியில்தான் பேக்கன்ட்ரி (ரிசார்ட்டுக்கு வெளியேயுள்ள மலை) இறக்கம் இருக்கும்.

அதுவரை ஒன்று செய்யலாம். பயிற்சி முடிந்த மாலைகளில் வாடகை ஸ்பிளிட்போர்டில், அனுமதி உள்ள ரிசார்ட் ஓரத் தடத்தில் ஏறிப் பழகுங்கள். குதிகால் கட்டாத நிலையில் சின்னச் சின்ன இறக்கங்களில் ஸ்கீ போல நிற்கவும் அங்கேயே கற்றுக்கொள்ளுங்கள். மலையில் ஏறும் வழியெல்லாம் ஏற்றமாக இருக்காது. நடுவில் ஐம்பது மீட்டர் இறக்கம் வரும், அதற்காகப் பலகையைச் சேர்த்துப் பிரித்துக்கொண்டிருக்க முடியாது.